பழையது பழுதாகுமா?

விண்டோஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்புகளைக் கண்டு நகைப்பாரும் உளர். 2001இல் வெளிவந்த எக்ஸ்பிக்குக் குறைந்த அளவாக 64 மெகாபைட் நினைவகமே போதும் என்றனர். 2021இல் வந்த 11ஆம் பதிப்போ 4 கிகாபைட் கேட்கிறது. அறுபத்து நான்கு மடங்கு! மாணவன் தட்டச்சிடும் கட்டுரையும் அத்தனை மடங்கு சிறந்துவிட்டதா?

பழையவை யாவும் ஒன்றல்ல. 98ஆம் பதிப்பில் ஒருங்குறித் தமிழ் இல்லை; அது விண்டோஸ் 2000இல்தான் உடன்வந்தது. எக்ஸ்பியிலும் தமிழ் உண்டு. அதற்கான ஆதரவு 2014இல் நின்றமையால், இணையத்தில் அதனை இணைப்பது கதவில்லா வீட்டில் உறங்குவதற்கு ஒப்பாகும். இணைப்பின்றி எழுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வதில் என்ன குறை? டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லையென்று பழுதற்ற கணினியைக் கழித்துவிடத் தூண்டும் வாணிகத்திற்குப் பள்ளிகளுமா தலையாட்ட வேண்டும்?