"கெட்" என்றால் "பெறு" மட்டும்தானா?

ஆங்கிலம் படித்த எந்த மாணவனையும் நிறுத்தி "கெட்" என்றால் என்ன என்று கேளுங்கள். "பெறு" என்று பட்டென்று பதில் வரும். ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டதல்லவா! கெட் - பெறு, டேக் - எடு, புட் - வை, கிவ் - கொடு. நோட்டின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ். மனப்பாடம் செய்தால் மதிப்பெண். அத்தோடு அந்தச் சொல்லின் கதை முடிந்தது.

அதே மாணவன் வேலைக்குப் போன இடத்தில் மேலாளர் "லெட்ஸ் கெட் கோயிங்" என்கிறார். "போவதைப் பெறுவோம்" என்று மனதுக்குள் மொழிபெயர்த்துவிட்டு அவன் திகைத்து நிற்கிறான். மற்றவர்கள் கிளம்பிப் போய்விடுகிறார்கள். "பன்னிரண்டு வருடம் படித்தும் இங்கிலீஷ் வரவில்லை" என்று ஊர் அவனைத்தான் பழிக்கிறது. சொல்லிக்கொடுத்த முறையை யாரும் பழிப்பதில்லை. தவறு அங்கேதான் இருக்கிறது.

தமிழையே எடுத்துக்கொள்வோம். "போடு" என்றால் என்ன? டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம். மருத்துவர் ஊசி போடுகிறார். ஆடு குட்டி போடுகிறது. தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரரிடம் "போடு என்றால் கீழே எறிவது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், "டீ போடு" என்றதும் அவர் தம்ளரைத் தூக்கி எறிய மாட்டாரா? தமிழ்க் குழந்தை எதுவும் "போடு" என்ற சொல்லைப் பட்டியல் பார்த்துக் கற்கவில்லை. வாக்கியம் வாக்கியமாகக் கேட்டுத்தான் கற்றது. 1992-ல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் பொருள்களைத் தனித்தனியே பிரித்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடுதான் தருகிறது. தமிழுக்குப் பொருந்தும் இந்த நியாயம் ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் கிடையாது?

"கெட்" ஒன்றும் பிடிபடாத பூதம் அல்ல. அதற்கு அடுத்து வரும் சொல்லைப் பார்த்தால் போதும், பெரும்பாலும் பொருள் விளங்கிவிடும்.

பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது அல்லது வாங்குவது. "ஐ காட் எ லெட்டர்" என்றால் கடிதம் வந்தது. "கெட் சம் மில்க்" என்றால் பால் வாங்கி வா.

தன்மையைச் சொல்லும் சொல் வந்தால் ஒரு நிலைக்கு மாறுவது. "கெட் ஆங்க்ரி" என்றால் கோபம் வருவது. "கெட் டார்க்" என்றால் இருட்டுவது.

இடம் வந்தால் போய்ச் சேர்வது. "ஐ காட் ஹோம் அட் டென்" என்றால் பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

"ஹர்ட்", "காட்" போல முடிந்த வினை வடிவம் வந்தால் பெரும்பாலும் நம்முடைய "படு". "ஹி காட் ஹர்ட்" என்றால் அவனுக்கு அடிபட்டது. "ஹி காட் காட்" என்றால் பிடிபட்டான்.

நான்கிலும் ஓடும் இழை ஒன்றே: முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்வது. இதை விளக்க ஒரு பாடவேளை போதும். முடி வெட்டிக்கொண்டு வந்த மாணவன் "ஐ கட் மை ஹேர்" என்றால் தானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் தோன்றும். "ஐ காட் மை ஹேர் கட்" என்றால்தான் சலூனுக்குப் போய் வந்தது தெளிவாகும். இந்த வேறுபாடு "பெறு" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது?

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1930-ல் சி.கே. ஆக்டன் 850 சொற்களைக் கொண்டு "பேசிக் இங்கிலீஷ்" என்ற எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. அவற்றில் "கெட்" ஒன்று. டாக்காவில் வங்காள மாணவர்களின் ஆங்கிலக் கல்விக்காக உழைத்த மைக்கேல் வெஸ்ட், 1953-ல் வெளியிட்ட சுமார் 2000 சொற்களின் பட்டியலில், ஒரு சொல்லின் எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைச் சதவீதமாகக் கொடுத்தார். நம் துணைக்கண்டத்து வகுப்பறை அனுபவம் உள்ளவர் காட்டிய வழியை நம் வகுப்பறைகளே கைவிட்டது வேடிக்கைதான்!

"கெட் என்பது கொச்சை, நல்ல ஆங்கிலத்தில் ரிசீவ், பிகம் என்றுதான் எழுத வேண்டும்" என்பார்கள் சில ஆசிரியர்கள். விண்ணப்பக் கடிதத்துக்கு அது சரி. ஆனால் ஆங்கிலேயர் வீட்டிலும் தெருவிலும் மூச்சுக்கு மூச்சு சொல்வது "கெட்"தான். அதைத் தவிர்த்துவிட்டு எப்படிப் பேசுவது? "தேர்வில் பொருள்தானே கேட்கிறார்கள், நேரம் எங்கே இருக்கிறது?" என்பது அடுத்த சாக்கு. அப்படியானால் மாற வேண்டியது தேர்வு. "பொருள் எழுதுக" என்பதற்குப் பதில் "மூன்று வேறு பொருளில் மூன்று வாக்கியம் எழுதுக" என்று கேட்கட்டும். வகுப்பறை தானாக மாறும்.

வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளை இதையெல்லாம் காதாலேயே கற்றுவிடுகிறது. கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த நோட்டைத் தவிர வேறு வழி இல்லை. அந்த நோட்டிலும் பாதி உண்மையை எழுதிக்கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. நடுவில் போட்ட அந்தக் கோட்டை முதலில் அழியுங்கள். சொல்லுக்குச் சொல் வேண்டாம். வாக்கியத்துக்கு வாக்கியம் கொடுங்கள்.