புகையன்று, ஆவி!

சென்ற தவணையில் ஒருநாள் பத்தாந் தர மாணவர்க்குச் செய்யுட் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து மாம்பழ வாசனை மிதந்து வந்தது. கொக்கட்டிச்சோலையிலே மாம்பழக் காலத்தில் மாம்பழம் மணப்பது வியப்பன்று; ஆனால், அது மாம்பழக் காலமன்று. எழுந்து சென்று பார்த்தேன். ஒரு மாணவனின் கையிலே தடித்த வண்ணப் பேனை போன்ற ஒரு பொருள் இருந்தது. பேனையென்றே எண்ணி மூடியைக் கழற்ற முயன்றேன். மூடியும் இல்லை, எழுதும் முனையும் இல்லை. முப்பது ஆண்டுகளாக எழுதுகோலையே நம்பி வாழ்பவனுக்கு, அஃது எழுதுகோல் அன்று என்று உணரச் சிறிது நேரம் பிடித்ததென்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

"இது என்ன மனே?" என்றேன்.

"வேப், சேர்."

"சிகரெட்டா?"

"இல்ல சேர். சிகரெட் எண்டாத்தான் புகை. இது புகையில்ல, ஆவிதான்."

அந்தப் பையன் தீயவன் அல்லன். நன்றாகப் படிப்பவன், பொய் சொல்லிப் பழகாதவன். அன்றும் அவன் பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை நம்பி, அதனை அப்படியே எனக்குச் சொன்னான். குற்றஞ் செய்தவன் மறைப்பான். இவனோ விளக்கம் கூறினான். அன்றிரவு என்னை உறங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: அந்த விளக்கத்தை அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் யார்?

மறுநாள் அவனுடைய தாயாரை அழைத்துப் பேசினேன். வயல் வேலையை இடையில் விட்டு வந்திருந்தார். "வீட்டில சிகரெட் மணம் ஒருநாளும் வந்ததில்ல சேர். பழ மணம் வந்தா ஆரு சந்தேகப்படுவா?" என்று கேட்டார். அவர் கேள்விக்கும் என்னிடம் விடை இருக்கவில்லை.

இலத்திரனியல் சிகரெட் எனப்படும் இக்கருவி இன்றைய வடிவம் பெற்றது 2003-ஆம் ஆண்டளவில், ஹொன் லிக் என்னும் சீன மருந்தாளரின் முயற்சியால் என்பர். தாமே புகைப்பழக்கத்தினின்று விடுபட வேண்டுமென்னும் விருப்பத்தாலே அவர் இதில் ஈடுபட்டார். கருவியின் உள்ளே ஒரு மின்கலமும், சூடேறும் கம்பிச்சுருளும், சிறிதளவு திரவமும் உள்ளன. திரவத்திலே கிளிசரின், புறொப்பிலீன் கிளைக்கோல், சுவையூட்டிகள், பெரும்பாலும் நிக்கொற்றீன் ஆகியவை கலந்திருக்கும். கம்பி சூடேறியதும் திரவம் நுண்டுளிகளாகி மூச்சோடு நெஞ்சுக்குள் செல்லும். உலைப்பானையிலிருந்து எழும் ஆவிக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. நிக்கொற்றீன் என்பது, தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைத் தடுக்கப் புகையிலைச் செடி தானே உண்டாக்கிக்கொள்ளும் நஞ்சு. மனிதனைப் பழக்கத்துக்கு அடிமையாக்குவதும் அதுவே. வளர்ந்து முடியாத இளம் மூளையை அது விரைவிற் பற்றுகின்றது. ஆதலின், 'ஆவி' என்பது பொருளின் இயற்பெயர் அன்று. விற்பவன் இட்ட பெயர்.

இங்கேதான் தமிழாசிரியனுக்கு வேலை வருகின்றது. தண்டியலங்காரத்தின் பொருளணியியல் கூறும் 35 அணிகளுள் அவநுதி என்பது ஒன்று. ஒரு பொருளின் உண்மைத் தன்மையை மறுத்து, அதனைப் பிறிதொன்றாக உரைப்பது அதன் இலக்கணம். தலைவனைப் பிரிந்த தலைவி வானை நோக்கி, 'இது நிலவன்று, நெருப்பு' என்றால் அஃது அவநுதி. 'புகையன்று, ஆவி' என்பதும் அவ்விலக்கணத்துக்கு எழுத்துப் பிசகாமற் பொருந்துகின்றது. என் மாணவன் தான் அறியாமலே அணி நயத்தோடு பேசினான்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நிலவை நெருப்பென்னும் தலைவிக்கு அது நிலவென்று தெரியும். பாடிய புலவனுக்கும் தெரியும். படிக்கும் நமக்கும் தெரியும். எல்லோரும் அறிந்து ஆடும் ஆட்டம் அது. அந்த அறிவிலிருந்தே இன்பம் பிறக்கின்றது. விளம்பரத்திலோ, சொல்பவன் மட்டுமே உண்மையை அறிவான். கேட்பவன் அறிந்துவிட்டால் வாணிகம் நடவாது. இருவரும் அறிந்தால் அணி; ஒருவன் மட்டும் அறிந்தால் வஞ்சனை.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். கள்ளுண்போர் தமக்குள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்று வழங்குவதை உரைகாரர் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டுவர். நம் மாணவர் வாயிலுள்ள 'வேப்' என்னும் சொல்லும் இன்று குழூஉக்குறியாகவே நடமாடுகின்றது. ஆனால் பண்டைக் குழூஉக்குறியைக் குழுவினரே ஆக்கிக்கொண்டனர். இதனை விற்பவன் ஆக்கிக் குழுவின் கையிற் கொடுக்கின்றான். பிள்ளைகளோ அது தங்கள் சொந்த மொழியென்று மகிழ்கின்றனர்.

புகையிலைக்குச் சொல்லலங்காரம் செய்வது தமிழுக்குப் புதிதன்று என ஒருவர் எதிர்வழக்காடலாம். மெய்தான். சீனிச் சர்க்கரைப் புலவர் புகையிலையைப் பழனி முருகனிடம் தூது விடுத்து ஒரு நூலே பாடினார். மும்மூர்த்திகள் பெற்ற மூன்று இலைகளுள் வில்வமும் துளசியும் கைவிட்டுப் போக, பிரமனுடைய இலை மட்டும் போகாமல் நின்றதாகவும், போகாத இலையே புகையிலை ஆயிற்று என்றும் அந்நூலிலே ஒரு கதை வருகின்றது. படித்துச் சிரிக்கத் தக்க கற்பனை. அதைப் படித்துப் புகையிலை வாங்கப் புறப்பட்டவர் எவரும் இருந்திரார். புலவரும் கடை வைத்திருக்கவில்லை. அவர் விளையாடினார், இவர்கள் விற்கின்றனர்.

உண்மையில் அந்த இலை பிரமனிடமிருந்து வரவில்லை. அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து போர்த்துக்கேயர் கப்பல்களிலே கீழைநாடுகளுக்கு வந்தது. எங்கள் ஊர்த் தான்தோன்றீசுவரர் ஆலயத்தை இடிக்க வந்த போர்த்துக்கேயர் முன்னிலையிற் கல் நந்தி எழுந்து புல் உண்டதென்பது வழிவழி வரும் கதை. நந்தி புல்லைத் தின்று கோயிலைக் காத்தது. அவர்கள் கொண்டுவந்த இலையினின்று நம் பிள்ளைகளைக் காப்பது இன்னும் முடியாத வேலையாகவே இருக்கின்றது.

இந்த அலங்காரம் எத்துணை வலிமையுடையது என்பதற்கு அமெரிக்க நாட்டிலே நிகழ்ந்தது சான்று. 2015-இல் 'ஜூல்' என்னும் பெயருடன் ஒரு கருவி அங்கே சந்தைக்கு வந்தது. கணினியிற் செருகும் பென் டிரைவ் போன்ற தோற்றம். மாம்பழம், புதினா முதலிய சுவைகள். அதன் ஒரு குப்பியில் ஏறக்குறைய 20 சிகரெட் கொண்ட ஒரு பெட்டிக்கு ஈடான நிக்கொற்றீன் இருந்தது. நிக்கொற்றீனை உப்பு வடிவிலே அமைத்தமையால் தொண்டை கமறவில்லை. முதன்முறை புகைப்பவனை இருமச் செய்து எச்சரிக்கும் இயற்கையின் காவலையும் அவ்வாறு அகற்றிவிட்டனர். விளம்பரங்களிலோ பளிச்சிடும் வண்ணங்கள், துள்ளும் இளைஞர், யுவதிகள். வளர்ந்த புகைப்போர்க்கே இப்பொருள் என்று நிறுவனம் கூறியது. படங்களோ இளமையையே அழைத்தன. 2019-இல் எடுத்த தேசிய ஆய்வொன்றிலே, அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவருள் நூற்றுக்கு 27-க்கு மேற்பட்டோர் இலத்திரனியல் சிகரெட் பயன்படுத்துவோராகக் காணப்பட்டனர். வழக்குகள் எழுந்தன. 2022-இல் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 43 கோடியே 85 இலட்சம் டொலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது. 35 வயதுக்குக் குறைந்தோரை விளம்பரத்திற் காட்டுவதில்லை என்பதும் அவ்விணக்கத்தின் ஒரு விதி. காட்டிய முகமே கண்ணி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்னொன்றும் அங்கே தெரியவந்தது. 2018-இன் இறுதியில் அந்நிறுவனம் தன் சமூக வலைத்தளப் பக்கங்களை மூடியது. ஆயினும் அப்பெயரைச் சுமந்த இளைஞர் பதிவுகள் நிற்கவில்லை. விதைத்தவன் வயலை விட்டுப் போன பின்னும் பயிர் தானே வளர்ந்தது. விளம்பரம் இன்று விளம்பரத்தின் முகத்தோடு வருவதில்லை. நண்பன் முகத்தோடு வருகின்றது.

படுவான்கரையினராகிய எங்களுக்கு இது நன்கு விளங்கும். மண்முனைத் துறையிலே பாலம் திறக்கப்பட்டது 2014-இல். அதற்கு முன் எழுவான்கரையிலிருந்து வரும் பொருள் பலவும் தோணியிலும் பாதையிலும் வாவியைக் கடக்க வேண்டும். என்ன வருகின்றது, யார் கொண்டு வருகின்றார் என்பதைத் துறையில் நிற்பவன் அறிவான். கைத்தொலைபேசிக்குத் துறையும் இல்லை, துறைகாப்பவனும் இல்லை. பிள்ளை பாயிற் படுத்திருக்கையிலேயே உலகச் சந்தை அவன் தலைமாட்டில் வந்து கூவுகின்றது.

நமது நாட்டிற் சட்டம் இல்லையோ எனின், உண்டு; பெருமைப்படத் தக்கதாகவே உண்டு. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை 2003-இலேயே இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயது நிரம்பாதோர்க்கு விற்பதையும் தடுத்தது. சிகரெட் பெட்டியின் முகப்பில் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் நிரப்பலாயிற்று. 2016-இல் வந்த ஒழுங்குவிதி 'புகையிலை அடங்கிய' இலத்திரனியல் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைத் தடை செய்தது.

அந்த அடைமொழியை இலக்கண மாணவர் சற்று நோக்குக. 'புகையிலை அடங்கிய' என்றால், இலையே இல்லாமல் நிக்கொற்றீன் கலந்த திரவம் மட்டும் அடங்கிய கருவி யாது? அடைமொழி பொருளைச் சிறப்பிக்கும். பிறவற்றினின்று பிரிக்கவும் செய்யும். பிரிக்கும் இடத்திலே விற்பவன் நுழைவான். 2019-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, நிக்கொற்றீன் இருப்பினும் இல்லாவிடினும் எனத் தெளிவாக வரையறுத்து, உற்பத்தி முதல் விற்பனை வரை தடுத்ததுடன் விளம்பரத்தையும் பெயர் சுட்டித் தடுத்தது. சட்டம் வரைவோர்க்கும் சொல்லிலக்கணம் வேண்டும் என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம். நம் சட்டத்திலே கருவி எதுவாயினும், சுவை எதுவாயினும், பெயர் எதுவாயினும் அடங்கத் தக்க சொல் இருத்தல் வேண்டும்.

நடுநிலை பிறழாமல் ஒன்று கூறவேண்டும். நெடுங்காலம் புகைத்தவர் சிகரெட்டை விட இக்கருவி துணைசெய்யலாம் எனக் கருதும் மருத்துவர் உளர். இங்கிலாந்தின் சுகாதாரத் துறை அதற்கு இடமளித்து வருகின்றது. அது வளர்ந்தோர் பற்றிய வாதம். ஒருநாளும் சிகரெட் தொடாத பதினைந்து வயதுப் பிள்ளை எதை விடுவதற்காக இதைத் தொடுகின்றான்? அதே நாடும், இளையோர் கையிற் பரவுவது கண்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூன் முதல் தடை செய்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் விடுத்த அறிக்கையிலே, 16,000 சுவைகளேனும் சந்தையில் உள்ளன என்றும், 13 முதல் 15 வயது வரையான பிள்ளைகள் வளர்ந்தோரை விட மிகுதியாக இவற்றைப் பயன்படுத்துகின்றனர் என்றும் எச்சரித்தது. நோயாளிக்குரிய மருந்தென்றால் அதற்கு மாம்பழச் சுவை எதற்கு, பஞ்சுமிட்டாய்ச் சுவை எதற்கு?

"இது சுகாதார பாட ஆசிரியர் வேலை; பண்டிதர்க்கு ஏன் இந்தக் கவலை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நஞ்சின் இயல்பைச் சொல்வது அவர் வேலை. அதனை நான் பறிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை நஞ்சு மயக்குமுன் ஒரு சொல் மயக்கியது. சொல்லின் மயக்கத்தைத் தெளிவிப்பது யார் வேலை? செய்யுளிலே உவமையைக் கண்டுபிடித்து மதிப்பெண் பெறும் மாணவன், கைத்தொலைபேசியிலே அதே உவமையிடம் ஏமாறுவானாயின், நாம் கற்பித்தது பரீட்சைத் தாளோடு முடிந்துபோயிற்று என்பதுதானே பொருள்?

ஆகவே அடுத்த வாரம் செய்யுளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவநுதியை எடுத்துக்கொண்டேன். எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தாங்கள் கண்ட விளம்பரங்களை, எப்பொருளுக்காயினும், நினைவிலிருந்து எழுதச் செய்தேன். பின்னர் ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளாற் சோதித்தோம்: எது மறுக்கப்படுகின்றது? அதன் இடத்தில் எது வைக்கப்படுகின்றது? சொல்பவன் அறிந்து, கேட்பவன் அறியாதது யாது? இதனால் யாருக்கு ஊதியம்? முகம் வெளுக்கும் களிம்பு வந்தது; மாப்பாலும் குளிர்பானமும் வந்தன; இறுதியில், நான் கேளாமலே, வேப்பும் வந்தது. நாற்பது நிமிடம் போனது தெரியவில்லை. இத்தனை ஆண்டுக்காலத்தில் அணியிலக்கணம் கேட்டு என் மாணவர் மணியடித்த பின்னும் இருக்கையை விட்டு எழாதது அன்றுதான்.

பின்வரிசை மாணவன் கடைசியாகக் கையை உயர்த்தினான். "சேர், இது நஞ்செண்டு உள்ளபடி எழுதினா ஆரு வாங்குவாங்க?" என்று கேட்டான். ஒருவரும் வாங்கமாட்டார் என்றேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. அப்பழக்கத்தை அவன் அடியோடு விட்டுவிட்டான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நிக்கொற்றீன் ஒரு பாடவேளையிற் பணிந்துபோகும் பகையன்று. அவன் தாயாரோடும் ஊர் மருத்துவரோடும் பேசி, ஆகவேண்டியதைச் செய்துவருகின்றோம். ஆயினும் 'புகையில்ல, ஆவிதான்' என்னும் வாக்கியத்தை அவன் வாயிலிருந்து நான் மீண்டும் கேட்கவில்லை.

சட்டம் தன் சொல்லைத் திருத்திக்கொள்ளட்டும். அதற்காக ஆசிரியர் சங்கங்களும் இலக்கிய மன்றங்களும் குரல் எழுப்புதல் வேண்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவராக. அணியை அறிந்து சுவைக்கக் கற்பிக்கும் நாம், அணியை அறிந்து தப்பவும் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.