கல்லெடுத்தது போதும், காலெடுத்து வைப்போம்!

இமயத்தில் கல்லெடுத்துக் கண்ணகிக்குச் சிலை சமைத்த சேரன் செங்குட்டுவனைப் பற்றி நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் முழங்காத மாணவர் இல்லை. அவன் பெயரைச் சொன்னாலே கைதட்டல் எழும். ஆனால், கைதட்டிய நம்முள் எத்தனை பேர் அந்த இமயத்தின் பனியில் கால் வைத்திருக்கிறோம்? வைக்க வேண்டும் என்று எண்ணியாவது பார்த்திருக்கிறோமா? இந்தக் கேள்வியைத்தான் மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நான் நெட்டுக்குப்பத்தைச் சேர்ந்தவன். எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர் அது. மலை என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. அனல் மின்நிலையப் புகைபோக்கிகளும் துறைமுகத்துக் கிரேன்களுமே எங்கள் கண்ணுக்குத் தெரியும் உயரங்கள். பனியாற்றில் ஏறப் போக ஆசை என்று அங்கே சொன்னால், "கடலுக்குப் போறவன் பிள்ளைக்கு மலை எதுக்குடா?" என்று கேட்பார்கள். வழிகாட்டி முன்னே செல்ல, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவது என்ன வீரம் என்பார் சிலர். பணக்காரர் விளையாட்டு என்பார் வேறு சிலர். உயிருக்கு ஆபத்து என்பார்கள் தாய்மார்கள். மூன்றுமே பதில் சொல்லத் தக்க கேள்விகள்தாம்.

முதலில் வழிகாட்டியைப் பற்றிய பேச்சு. பனியாறு என்பது உறைந்து கிடக்கும் குளம் அன்று. தன் எடையாலேயே மலைச்சரிவில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் பனிக்கட்டி அது. நகரும்போது ஆழமாகப் பிளக்கிறது. புதுப்பனி விழுந்து அந்தப் பிளவின் வாயை மூடிவிட்டால், மேலே நடப்பவன் கண்ணுக்கு வெறும் வெண்மணல் போலவே தெரியும். ஆகவேதான் சிலர் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுப் பிணைத்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் அந்தக் கணமே பனியில் படுத்து, பனிக்கோடரியை ஊன்றி அவரைத் தாங்க வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் விடியுமுன்பே புறப்பட வேண்டும். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், குறித்த நேரம் கடந்தால் திரும்பிவிட வேண்டும். இவற்றைச் சொல்பவர் வழிகாட்டி. கேட்டு நடப்பதில் இழிவு எங்கே வந்தது?

எங்கள் முகத்துவாரத்தில் மணல் எங்கே மேடிட்டிருக்கிறது, எந்த அலைக்குப் பின் படகைச் செலுத்த வேண்டும், நீரோட்டம் வன்னியா தெண்டியா என்று மூத்தவர் சொல்வார், இளையவன் கேட்பான். பின்னொரு நாள் அவனே சொல்லும் தகுதி பெறுவான். கேட்டு நடந்ததற்காக அவனைக் கோழை என்று எவரும் பழித்ததில்லை. 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த டென்சிங்கும் ஹில்லாரியும்கூட ஒரே கயிற்றில் பிணைந்துதான் ஏறினார்கள். காசு கொடுத்தேன், ஏற்றிவிடு என்னும் மனப்பான்மையை மட்டும் நான் வெறுக்கிறேன். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்புப் பனியருவியில் பனிச்சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்டார்கள். பிறர் ஏறுவதற்காக உழைக்கப் போனவர்கள் அவர்கள்.

அடுத்தது பணம். எவரெஸ்ட்டில் ஏற நேபாள அரசு வாங்கும் அனுமதிக் கட்டணம் மட்டுமே 11,000 டாலராக இருந்து, 2025 செப்டம்பரில் 15,000 டாலராக உயர்ந்தது. அது நமக்கு எட்டாக் கனி. ஆனால் மலையேற்றம் எவரெஸ்ட்டில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? டார்ஜிலிங்கில் 1954-இலும் உத்தரகாசியில் 1965-இலும் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. ஏறத்தாழ நான்கு வார அடிப்படைப் பயிற்சியில் பாறை ஏறவும், கயிறு கட்டவும், பனியாற்றுக்கு அருகே கூடாரமிட்டுப் பனியில் நடக்கவும் ஆசிரியர்கள் கற்றுத் தருகிறார்கள். என்.சி.சி. மாணவர்கள் அதன் வழியாகவே செல்ல வாய்ப்புண்டு. 2023 மே மாதத்தில் எவரெஸ்ட்டை எட்டியவர்களுள் கோவளத்து அலைச்சறுக்கு வீரர் ராஜசேகர் பச்சையும், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வியும் உண்டு. கடற்கரையும் கரிசல் மண்ணும் பனிக்கு அந்நியமல்ல என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசி நிலையத்தின் உயர்பயிற்சிக் குழு 'திரௌபதி கா தண்டா' சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது. 25-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு மே மாதம் 16 நாள் இடைவெளிக்குள் எவரெஸ்ட்டிலும் மகாலுவிலும் ஏறிய பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களுள் ஒருவர். தேர்ந்தவரையும் மலை விடுவதில்லை. கடலும் அப்படித்தான் என்பது எங்கள் தாய்மார்களுக்குத் தெரியும். பிழைப்புக்காகக் கடலில் இறங்குவது வேறு, விருப்பத்துக்காகப் பனியில் ஏறுவது வேறு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை தன் துணிவு முழுவதையும் வயிற்றுக்கே செலவிட வேண்டும், விரும்பித் துணிவது வசதி படைத்தவர்க்கே உரியது என்று விதி எழுதியது யார்? அந்த விதியை நாமே ஒப்புக்கொள்வதுதான் எனக்கு எல்லா ஆபத்திலும் பெரிதாகப் படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நிலக்கரிப் புகையும் சாம்பலும் என்னவென்று எங்களுக்குப் பாடநூல் சொல்ல வேண்டியதில்லை. உலகெங்கும் எரியும் கரியால் பூமி சூடேறுகிறது. இமயத்துப் பனியாறுகள் சுருங்குகின்றன. உருகும் பனியாலும் சூடேறி விரியும் நீராலும் கடல் உயர்கிறது. அந்தக் கடல் எங்கள் வாசலில் இருக்கிறது. இதன் மறுமுனையை நேரில் கண்டு வந்து ஊருக்குச் சொல்ல, நெட்டுக்குப்பத்துப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆகவே என் கோரிக்கை இது. ஆண்டுதோறும் ஒரு மாணவியையும் ஒரு மாணவரையும் நம் கல்லூரி தேர்ந்தெடுத்து அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், உடல் உறுதியையும் சொல் கேட்டு நடக்கும் பண்பையும் பார்த்துத் தேர்வு செய்யட்டும். உடற்கல்வித் துறையும் என்.சி.சி.யும் பயிற்சி தரட்டும். செலவில் ஒரு பகுதியை முன்னாள் மாணவர்கள் ஏற்கட்டும். போய் வந்தவர் அடுத்த ஆண்டு செல்பவருக்கு வழிகாட்டியாக வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

செங்குட்டுவன் கல்லெடுத்த கதையை இனியும் பேசுவோம். பேசுகிறவர்களுள் ஒருவராவது அந்தப் பனியில் நடந்து வந்தவராக இருக்கட்டும்.