செயற்கை மூச்சுக்குழாயும் செவிமடுக்கப்படாத எச்சரிக்கையும்

பழுதடைந்த உடலுறுப்புகளை ஆய்வுகூடத்தில் மீளுருவாக்குவது மருத்துவ விஞ்ஞானத்தின் பெருங்கனவுகளுள் ஒன்றாகும். பல்பகுதியங்களால் நுண்துளைகள் கொண்ட சாரக்கட்டு ஒன்றை அமைத்து, அதில் நோயாளியின் கலங்களை விதைத்து, அவை இழையமாக வளர வளரச் சாரக்கட்டு கரைந்துபோகச் செய்வதே இதன் அடிப்படையாகும். அமெரிக்க விஞ்ஞானிகளான ரொபர்ட் லாங்கரும் ஜோசப் வக்கான்டியும் 1993 ஆம் ஆண்டில் இக்கோட்பாட்டை விரிவாக முன்வைத்தனர். அந்தனி அட்டாலா தலைமையிலான குழுவினர், ஏழு இளம் நோயாளர்களுக்கு இம்முறையில் வளர்க்கப்பட்ட சிறுநீர்ப்பை இழையத்தைப் பொருத்தியமை பற்றி 2006 இல் அறிக்கையிட்டனர்.

இத்தகைய நம்பிக்கை நிலவிய காலத்திலேயே, 2011 ஜூனில் சுவீடனின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் பாவ்லோ மக்கியாரினி, மூலக் கலங்கள் விதைக்கப்பட்ட பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். உலகம் வியந்து பாராட்டியது. எனினும், அங்கு அவ்வாறு சிகிச்சை பெற்ற மூவருள் எவரும் இன்று உயிருடன் இல்லை.

மூச்சுக்குழாய் வெறுமனே காற்றுச் செல்லும் குழாயன்று. அது குருதியோட்டத்தினால் உயிர்வாழும் உறுப்பு. சுவாசத்துடன் வரும் கிருமிகளை இடைவிடாது எதிர்கொள்வது. குருதிக் கலன்களற்ற, கரையாத பிளாஸ்டிக்கின் மீது சில நாட்கள் கலங்களை வளர்த்துவிடுவதனால் மட்டும் அது உறுப்பாகிவிடாது. விலங்குகளில் போதியளவு பரிசோதிக்காமலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறாமலும் மனிதரில் அதனைப் பிரயோகித்தமையே இங்கு இழைக்கப்பட்ட பெருந்தவறாகும்.

அதனினும் பாரதூரமானது நிறுவனத்தின் போக்காகும். 2014 இல் அதே வைத்தியசாலையின் வைத்தியர்கள் நால்வர், வெளியிடப்பட்ட ஆய்வறிக்கைகள் நோயாளர்களின் உண்மை நிலைக்கு முரணானவை என முறைப்பாடு செய்தனர். வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட விசாரணையாளரும் முறைகேடு நிகழ்ந்துள்ளதாகக் கண்டறிந்தார். அவ்வாறிருந்தும் கரோலின்ஸ்கா நிறுவனம் 2015 ஓகஸ்டில் மக்கியாரினியைக் குற்றமற்றவர் என அறிவித்தது. 2016 ஜனவரியில் சுவீடன் தொலைக்காட்சி இவ்விடயத்தை அம்பலப்படுத்திய பின்னரே துணைவேந்தர் பதவி விலகினார். மக்கியாரினியும் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

2023 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அச்சத்திரசிகிச்சைகள் இன்றியே நோயாளர்கள் மேலும் குறிப்பிடத்தக்க காலம் வாழ்ந்திருக்கக்கூடும் என்பது அந்நீதிமன்றத்தின் முடிவாகும். வேறு வழியற்றவர்களுக்கான இறுதி முயற்சியே இது என்ற வாதம் அதனுடன் வலுவிழந்தது.

இதனைக் காரணங்காட்டி இழையப் பொறியியலையே நிராகரிப்பது அறிவுடைமையாகாது. அத்துறையில் நேர்மையுடன் உழைப்போர் அநேகர். ஆனால், பொறுமையாகவும் படிப்படியாகவும் முன்னேற வேண்டிய ஒரு துறையில், புகழுக்கான அவசரம் நோயாளியின் உயிரையே விலையாகக் கேட்கும் என்பதை இச்சம்பவம் உணர்த்தியுள்ளது. நோயாளி தனது உடலை ஒப்படைப்பது வைத்தியரிடம் மட்டுமன்று, அவரைக் கண்காணிக்கும் நிறுவனத்திடமும்தான். எச்சரிக்கை விடுப்போரின் குரலை அந்நிறுவனம் உரிய வேளையில் செவிமடுக்காவிடின், பின்னர் வழங்கப்படும் எந்தத் தீர்ப்பும் இழந்த உயிர்களை மீட்டுத்தரப் போவதில்லை.