பதினைந்து நாள் கூலியும் 'மாறிக்கொள்' என்னும் உபதேசமும்

கடந்த சில ஆண்டுகளாக நமது கலை அறிவியல் கல்லூரிகளில் எந்த விழா நடந்தாலும் ஒரு சொற்பொழிவு தவறாமல் இடம்பெறுகிறது. வேலை உலகம் மாறிவிட்டது, நீங்களும் மாறிக்கொள்ளுங்கள், மாறாதவர் அழிந்துபோவர் என்பதே அதன் சாரம். பேசுபவர் ஒரு நிறுவனத்தின் மனிதவள அலுவலராக இருப்பார். தன்முன்னேற்ற நூலாசிரியராக இருப்பார். சில வேளைகளில் நம்மையொத்த தமிழாசிரியராகவும் இருப்பார். கேட்போர் தமிழிலக்கிய மாணவர்கள் என்றால் உபதேசத்தில் சற்று இரக்கமும் கலந்துகொள்ளும். எம்.ஏ. தமிழ் என்பது இனியும் மாறாத பழம்பொருள் என்ற முடிவோடுதான் அவர்கள் மேடை ஏறுகிறார்கள்.

உலகம் மாறவில்லை என்று நாம் வாதிட வரவில்லை. மாறத்தான் செய்கிறது, எப்போதும் மாறியே வந்திருக்கிறது. நமது மறுப்பு வேறு. இந்த உபதேசம் ஒரு கேள்வியை மறைக்கிறது. மாறுவதற்குக் காலம் பிடிக்கும். அந்தக் காலத்தில் அடுப்பு எரிய வேண்டும். அதற்கான கூலியை யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்த அறிவுரையும் அறிவுரை ஆகாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'தகவமைத்துக்கொள்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தகவமைப்பு உயிரியலின் கலைச்சொல். 1859இல் டார்வின் விளக்கிய முறையில், ஓர் உயிர் தானே முடிவெடுத்துத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. சூழலுக்குப் பொருந்தாதவை மடிகின்றன, அல்லது குறைவாக இனம் பெருக்குகின்றன. பொருந்தியவற்றின் வழித்தோன்றல்கள் பெருகுகின்றன. பல தலைமுறைகள் கடந்தபின் அந்த இனம் தகவமைந்திருக்கிறது என்கிறோம். பெருந்தொகையான சாவை உள்ளடக்கிய ஒரு சொல்லை எடுத்து, தனிமனிதனின் முயற்சிக்குப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். சொல் மாறிப்போனதால் பழியும் இடம் மாறிவிட்டது. வேலையை இழந்தவன் சூழலால் வீழ்ந்தவன் அல்லன், முயலாமல் போனவன் என்றாகிவிட்டது.

இது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அறிய, இலக்கிய வாசகர்களாகிய நமக்கு மிக அருகில் இருந்த ஒரு தொழிலையே எடுத்துக்கொள்ளலாம். நாம் படித்து வளர்ந்த புத்தகங்களில் பெரும்பகுதியை எழுத்தெழுத்தாகக் கோத்தவர்கள் ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர்கள், வழக்கில் கம்பாசிட்டர்கள். அவர்கள் 'மாறாமல் அழிந்தவர்கள்' என்றே இன்று நினைக்கப்படுகிறார்கள். உண்மை அதுவன்று.

அந்த வேலையின் தன்மையைக் கொஞ்சம் நினைவுகூர வேண்டும். தமிழ் எழுத்துகள் அடங்கிய கேஸ் என்னும் அறைப்பெட்டிகள் எதிரே சாய்ந்து நிற்கும். உகர, ஊகார உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் தனி வடிவம் கொண்டவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி அறை. எந்த எழுத்து எந்த அறையில் கிடக்கிறது என்பது கண்ணுக்கு அன்று, விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடக்கையில் ஸ்டிக், வலக்கை எழுத்தைப் பொறுக்கும். கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிய எழுத்தைத் தலைகீழாக வைத்து, வரியின் அளவுக்கு இடைவெளி நிரவி, கேலியில் இறக்கி, புரூஃப் எடுத்து, பிழை திருத்தி, அச்சான பிறகு அத்தனை எழுத்தையும் பிரித்து அந்தந்த அறையில் மீண்டும் போட வேண்டும். ஒரு நாவலின் ஒரு படிவம் அச்சாகிப் பிரிக்கப்பட்டால்தான் அடுத்த படிவத்துக்கு எழுத்துக் கிடைக்கும் அச்சகங்களே மிகுதி.

இவ்வேலையைச் செய்தவர்களுள் தேர்ந்தவர்களுக்கு வல்லொற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது பழக்கத்தில் ஊறியிருந்தது. எழுத்தாளரின் கையெழுத்தில் விடுபட்ட ஒற்றைக் கேட்காமலே சேர்த்தவர்கள் அவர்கள். பல்கலைக்கழகம் பட்டம் தராத புலமை அது.

இவர்கள் மாறாதவர்களா? 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. பெரியார் 1935 முதல் குடிஅரசில் கையாண்ட வடிவங்கள் அரசாணையாயின. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. தமிழ்ப் பேராசிரியர்கள் இதுபற்றி ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். பழைய வடிவிலேயே எழுதியவர்களும் உண்டு. கேஸின் முன் நின்றவருக்கு வழக்காடும் வசதி இல்லை. புதிய வடிவில் கேட்டவர்க்குப் புதிய வடிவிலும், பழைய வடிவில் கேட்டவர்க்குப் பழைய வடிவிலும் கோத்துக் கொடுத்தார். மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும் திறனைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்த நமக்குத் தகுதி இல்லை.

1980களின் பிற்பகுதியில் தொடங்கி 1990களில் கணினி அச்சுக்கோப்பு பரவியது. எழுத்துப் பெட்டிகள் எடைக்குப் போயின. முதலாளி கணினி வாங்கினார். அதற்கு வங்கி கடன் தந்தது. நாற்பத்தைந்து வயதில், இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்ற அச்சுக்கோப்பாளர் விசைப்பலகை பழகுவதற்கு எந்த வங்கி கடன் தந்தது? ஆறு மாதம் பயிற்சிக்குப் போனால் அந்த ஆறு மாதத்து அரிசிக்கு யார் பொறுப்பு? அவரிடம் குறைவாக இருந்தது மனவுறுதி அன்று, ஆறு மாதக் கூலி. இழப்பு அவரோடு நிற்கவில்லை. அவரிடமிருந்த ஒற்றிலக்கணத்தைப் புதிய வேலைமுறைக்குள் கொண்டுவர யாரும் முயலவில்லை. இன்று நாம் வாங்கும் புத்தகங்களில் பக்கத்துக்கு ஐந்து ஒற்றுப்பிழை கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிழைகளைப் பழித்து எழுதும் நாம், பிழை நீக்கியவர் வெளியேறிய கதையை எழுதுவதில்லை.

அடுத்து வந்த கணினி அச்சுக்கோப்பாளர்களின் கதையும் வேறன்று. ஒருவர் தட்டச்சுப்பொறி முறையில் விரல் பழகியிருப்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. ஒவ்வொன்றும் வேண்டிய முன்னேற்றமே. ஆனால் பழைய எழுத்துருவில் கிடந்த கோப்புகளைப் புதியதற்கு மாற்றி, மாற்றத்தில் சிதைந்த எழுத்துகளை இரவிரவாகத் திருத்தியவர் பக்கக் கணக்கில் கூலி பெற்றவர். புதிது கற்ற நாள்களுக்குப் பக்கக் கணக்கு ஏது?

இவ்விடத்தில் உபதேசிகள் ஒரு விதிவிலக்கைக் கொண்டுவருவார்கள். அச்சுக்கோப்பாளராக இருந்து எழுத்தாளரான விந்தனைப் (1916–1975) பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். விந்தனிடம் அரிய ஆற்றல் இருந்தது, ஐயமில்லை. ஆனால் கல்கி இதழின் ஆசிரியர் குழுவில் அவருக்கு ஓர் இடமும் கிடைத்தது. வேலை செய்த உலகமே அவர் முன்னேறுவதற்கு ஒரு நாற்காலியைப் போட்டது. விந்தனின் கதை கற்பிப்பது இந்த நாற்காலியின் தேவையைத்தான். 'நீயும் விந்தனாகு' என்று சொல்பவர்கள் நாற்காலியை மட்டும் கதையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். மேலும், ஒருவர் விந்தனானார் என்பதற்காக அவரோடு கேஸ் முன் நின்ற மற்றவர்கள் சோம்பேறிகள் ஆகிவிடமாட்டார்கள்.

இப்போது முறை மொழிபெயர்ப்பாளர்களுக்கும் மெய்ப்புத் திருத்துநர்களுக்கும். 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தபோது நாம் அதைக் கேலி செய்தோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் கேலி குறைந்தது. எந்திரம் பெயர்த்த வரைவைச் செப்பனிடும் வேலை மொழிபெயர்ப்பாளரிடம் வருகிறது. வேலைக்குப் பெயர் 'திருத்தம்'. ஆகவே கூலியும் திருத்தத்துக்கு உரியது. மோசமான வரைவைத் திருத்துவது புதிதாகப் பெயர்ப்பதைவிடக் கடினம் என்பதை ஒருமுறையேனும் செய்து பார்த்தவர் அறிவர். இங்கே மாறியது வேலையின் பெயரும் விலையும். தேவைப்படும் புலமை குறையவே இல்லை.

அரசும் சட்டமும் இதற்கு என்ன சொல்கின்றன? தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. அதனால் பயனில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அது முதன்மையாக மாணவரையும் இளைஞரையும் நோக்கியது. நாற்பத்தைந்து வயதில் வேலையிழப்பவர் அதன் மையத்தில் இல்லை. அவருக்காக ஒன்றிய அரசின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 ஒரு வழி சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 83ஆம் பிரிவு, ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளருக்கென 'மறுதிறன் நிதி' ஒன்றை வகுக்கிறது. வேலையளிப்பவர் அந்நிதிக்குச் செலுத்த வேண்டியது, அத்தொழிலாளர் கடைசியாகப் பெற்ற கூலியில் பதினைந்து நாளுக்குரிய தொகை. நாற்பத்தைந்து நாளுக்குள் அது அவர் கணக்கில் சேரும்.

பதினைந்து நாள்! பணியாண்டு ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்ற இழப்பீடு தனியாக உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது கடந்தகால உழைப்புக்கானது. எதிர்காலத்தில் வேறொரு மனிதராக மாறுவதற்கென்று நாட்டின் சட்டம் ஒதுக்கியிருப்பது பதினைந்து நாள். ஒரு விசைப்பலகையில் விரல் ஓடவே அது போதாது. இந்தப் பதினைந்து நாளும் சட்டம் 'தொழிலாளர்' என ஏற்பவருக்கே. பக்கக் கணக்கில் கூலி பெறும் மெய்ப்புத் திருத்துநரையும், வீட்டிலிருந்து பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளரையும் யார் ஆட்குறைப்பு செய்கிறார்கள்? வேலை வராமல் நின்றுபோகும், அவ்வளவே. நம்மைப் போன்றவர்களின் நிலையும் அதுதான்: ஆசிரியர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வாரார் என்று பழைய சட்டத்தின்கீழ் 1988இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் ஈய எழுத்துக்கே திரும்பலாமா என்று கேட்பவர் உண்டு. கூடாது. கணினி அச்சு வந்ததால்தான் சிறிய முதலீட்டில் சிற்றிதழ்களும் முந்நூறு படிகள் போடும் பதிப்பகங்களும் சாத்தியமாயின. ஈயத்தூசி நுரையீரலில் படிந்த காலத்தை அழகுபடுத்திப் பேசுவதும் அநீதியே. எந்திரம் வரட்டும், அதனால் வரும் ஆதாயத்திலிருந்து கற்கும் காலத்துக்கான கூலியும் வரட்டும் என்கிறோம்.

தமிழ்த் துறைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உபதேசத்துக்கு அஞ்சி, யாப்பையும் இலக்கணத்தையும் சுவடிப் பயிற்சியையும் குறைத்து, அவ்விடத்தில் சில வாரச் சான்றிதழ்ப் படிப்புகளை நிரப்பும் போக்கு தொடங்கியிருக்கிறது. இது தவறு. மென்பொருள்கள் மாறின, குறியேற்றங்கள் மாறின. ஒரு வாக்கியம் பிழையானது என்று கண்டுபிடிக்கும் அறிவு மட்டுமே ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னர் தேவைப்பட்டுக்கொண்டிருக்கிறது. எந்திரத்தின் தமிழைத் திருத்தவும் நன்னூல் தெரிந்தவர் வேண்டும். புதிய கருவிகளை நம் மாணவர்க்குக் கற்பிப்போம். ஆனால் எதை வைத்து அக்கருவிகளை ஆள வேண்டுமோ அதைக் கைவிட்டு அன்று.

ஆகவே, இனி மேடையேறி 'மாறிக்கொள்ளுங்கள்' என்று எவரேனும் முழங்கினால், நம் மாணவர்கள் எழுந்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மாறுவதற்கு எத்தனை மாதம் ஆகும்? அத்தனை மாதமும் யார் சம்பளம் தருவார்கள்? மாறி முடித்தபின் இதே வேலைக்கு இன்றைய கூலி கிடைக்குமா? விடை உள்ளவர் பேசட்டும். பதினைந்து நாள் கூலியைத் தவிர வேறு விடை இல்லாதவர் தம் உபதேசத்தை வேலையளிப்பவரிடம் போய்ச் சொல்லட்டும்.