கடற்கரைக் குடிலும் விருந்தினர் கடனும்

விடுமுறை என்றவுடன் பெரிய விடுதிகளையே நினைப்பார் பலர். அயர்லாந்து தேசத்து மேற்குக் கடற்கரையிலோ வேறொரு வழக்கமும் உண்டு. ஒரு சிறு வீட்டைச் சில நாட்களுக்கு வாடகைக்குப் பெற்று, தாமே சமைத்துண்டு தங்குவதே அது. இம்முறையே மேலானதென்பது எமது துணிபு. ஆயின் அதனோடு ஒரு கடனும் சேர்ந்து வருகின்றது.

கெர்ரி மாவட்டத்து டிங்கிள் தீபகற்பத்தை எடுத்துக்கொள்வோம். சாந்தின்றிக் கல்லின்மேற் கல் அடுக்கிய கல்லரஸ் சிற்றாலயம் பல நூற்றாண்டு மழைக்கும் காற்றுக்கும் அசையாது அங்கே நிற்கின்றது. விடுதியிற் தங்குவோன் இதனைச் சிறிது பொழுது கண்டு மீள்வான். குடிலிற் தங்குவோனோ ஊர்க்கடையில் உருளைக்கிழங்கு வாங்குவான். மீன் என்று வருமென வினவுவான். அங்கு இன்றும் வழங்கும் ஐரிஷ் மொழியைச் செவியாரக் கேட்பான். அடுப்பே அவனை ஊராரோடு பிணைக்கின்றது.

அவ்வுருளைக்கிழங்கும் ஒரு சரித்திரம் கூறும். 1845ஆம் ஆண்டில் அப்பயிரை நோய் பற்றிற்று. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். பத்து லட்சத்திற்குக் குறையாதோர் கப்பலேறினர். அதன் பின்னரும் இளைஞர் பிழைப்பு நாடி வெளியேறுதல் நிற்கவில்லை. டிங்கிள் கரைக்கு எதிரேயுள்ள கிரேட் பிளாஸ்கெட் தீவிலிருந்து, எஞ்சிய 22 பேரும் 1953இல் அகற்றப்பட்டனர். இன்று அங்கே செப்பனிட்ட பழைய வீடுகள் சில, மின்விளக்கின்றியே, கோடை விருந்தினருக்கு வாடகைக்கு விடப்படுகின்றன.

இங்கே நாம் சிந்திக்கவேண்டுவது ஒன்றுண்டு. ஆளற்ற தீவில் விருந்தினர் விளக்கேற்றுதல் நன்றே. மக்கள் வாழும் ஊரிலோ, விருந்தினருக்கென்றே வீடுகள் பெருகின், குளிர்காலத்தில் அவை இருளடைந்து நிற்கும்; மணமுடித்த ஊர்ப்பிள்ளைகளுக்குக் குடியிருக்க மனை கிட்டாது. பஞ்சம் வெறுமையாக்கிய கரையை விடுமுறை மீண்டும் வெறுமையாக்கலாமோ?

விருந்தினர் பணமின்றேல் கடைகளே மூடப்படுமென்பர் சிலர். அதுவும் மெய்யே. ஆதலின் செல்லவேண்டாவென யாம் கூறோம். அக்கரைக்குச் செல்லும் நண்பர்களே, அவ்வூரிலேயே வாழும் குடும்பத்தார் விடும் வீட்டைத் தேர்மின். உணவுப்பொருளை ஊர்க்கடையிலேயே வாங்குமின். கோடையன்றிப் பிற காலத்தும் செல்மின். ஊராரும் தம் மக்களுக்கு வீடளித்த பின்னரே விருந்தினருக்கு வீடு கட்டுவாராக. ஆண்டு முழுதும் அண்டைவீட்டில் அடுப்பெரிந்தாலன்றோ, விருந்தினன் சென்று தங்குதற்கும் அஃதோர் ஊராக இருக்கும்!