வெள்ளை லேபிளே போதும்
பாப்பி வான் விங்கிள் பாட்டில்கள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுவதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம்: விசேஷத்துக்கென்று எடுத்துவைக்கும் போர்பன் இப்படிப் பணத்தை விழுங்கத்தான் வேண்டுமா? அமெரிக்கச் சட்டமே வேறு வழி காட்டுகிறது. கலப்படச் சரக்கு மலிந்திருந்த காலத்தில், 1897இல் வந்த ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ சட்டப்படி, ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்து, அரசுக் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு ஊறி, சரியாக 50 சதவீத ஆல்கஹாலோடு அடைத்த சரக்குதான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஹெவன் ஹில் தயாரிக்கும் ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் இவ்வளவையும் நிறைவேற்றிவிட்டு, அங்குள்ள கடைகளில் பெரும்பாலும் 25 டாலருக்குள் கிடைக்கிறது. வயது ஏற ஏறத்தானே ருசி என்பார்கள். ஸ்காட்சுக்கு அது பொருந்தலாம். போர்பனோ உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறுவது. கென்டக்கி கோடையில் மரத்தின் சாரம் வேகமாக இறங்கும், 20 ஆண்டைத் தாண்டினால் சோளத்தின் இனிப்பை மரக்கசப்பு அமுக்கிவிடும் அபாயமும் உண்டு. (நெடுநாள் ஊறிய பாட்டிலின் விலையில் ஒரு பங்கு, பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போனதற்கான கட்டணம்!) எங்கும் கிடைப்பதை எதற்குப் பத்திரப்படுத்துவது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அரிய பாட்டில் வைத்திருப்பவர்கள் பலருக்கு எந்த விசேஷமும் அதற்குத் தகுதியானதாகத் தெரிவதில்லை, அலமாரியிலேயே கிடக்கிறது. கண்ணாடிக்குள் போன பிறகு சரக்கு முதிர்வதும் இல்லை. வெள்ளை லேபிளையே வாங்கி வையுங்கள், நாள் வந்ததும் நாலு பேருக்குத் தாராளமாக ஊற்றுங்கள்.